கடைசி கிலோவாட் எத்தனை ரூபாய் மிச்சம் பண்ணும்? கோவில்பட்டி மொட்டை மாடியில் போட்ட சோலார் கணக்கு

எட்டயபுரத்தில் இருக்கும் என் மச்சினன் போன வாரம் போன் பண்ணினான். "அத்தான், அஞ்சு கிலோவாட் போடச் சொல்லுதாங்க. பில் ஜீரோ ஆயிரும்ங்காங்க. கொட்டேஷன் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க." கொட்டேஷனைத் திறந்து பார்த்தேன். பேனல் கம்பெனி பெயர், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் கம்பெனி பெயர், மொத்தத் தொகை, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அவன் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவனிடம் யாரும் அதைக் கேட்கவே இல்லையாம். அளவெடுக்காமல் சட்டை தைத்த மாதிரி இருக்கிறது என்று அவனிடமும் சொன்னேன்.

எங்கள் வீட்டில் சோலார் போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. போடுவதற்கு முன் மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், போட்ட பிறகு தினமும் உற்பத்தியை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அவனுக்கு போனில் சொன்னதை முழுசாக எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு. கோவில்பட்டி வெயிலுக்கும் தமிழ்நாட்டு மின்கட்டணத்துக்கும் பொருந்துகிற கணக்கு இது. வேறு மாநிலத்தில் ஸ்லாப் (யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கட்டண அடுக்கு) வேறு, அங்கே விடையும் வேறாக இருக்கும்.

முதலில் பேனலை மறந்துவிட்டு கரண்ட் பில்லை எடுங்கள். ஒரு பில் போதாது, ஒரு வருஷத்து ஆறு பில்லும் வேண்டும். மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டால் பழைய பில்கள் கிடைக்கும், இல்லாவிட்டால் வெள்ளை அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை டன் ஏசி ஒன்று, ஃபிரிட்ஜ், ஒரு எச்பி மோட்டார், மிக்சி கிரைண்டர் வகையறா. ஆறு பில்லில் இருந்த யூனிட்: ஜனவரியில் 460, மார்ச்சில் 550, மே மாதம் 820, ஜூலையில் 940, செப்டம்பரில் 780, நவம்பரில் 610. கூட்டினால் வருஷத்துக்கு 4,160 யூனிட். கட்டிய பணம் ஏறக்குறைய 22,800 ரூபாய். அதில் ஜூலை பில் மட்டும் ஆறாயிரத்தைத் தாண்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நம் கட்டண முறையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா விடையும் இதற்குள்தான் இருக்கிறது. நான் கணக்குப் போட்டது 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி. அதன்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800 தாண்டினால் பத்துக்கு மேல், ஆயிரம் தாண்டினால் பதினொன்றுக்கு மேல் என்று ஏறிக்கொண்டே போகும். அதோடு, 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101-இலிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.35 ரூபாய்ச் சலுகை போய், அதற்கும் 4.70 ரூபாய் ஆகிவிடும். அந்த ஒரு யூனிட்டால் 235 ரூபாய் கூடுகிறது. இதைக் கவனிக்காமல் வருஷக்கணக்காகப் பணம் கட்டியிருக்கிறோம்.

அதாவது ஜூலையில் நாங்கள் ஓட்டிய 940 யூனிட்டில் கடைசி 140 யூனிட்டின் விலை பத்து ரூபாய்க்கு மேல், முதல் 100 யூனிட்டின் விலை பூஜ்யம். சோலார் என்ன செய்கிறது என்றால், மேலேயிருந்து வெட்டிக்கொண்டே வருகிறது. முதலில் பத்து ரூபாய் யூனிட்டை வெட்டும், அப்புறம் ஒன்பது, எட்டு, ஆறு என்று இறங்கும். கீழே வர வர வெட்டுகிற யூனிட்டின் மதிப்பு குறைந்துகொண்டே போகும், கடைசி நூறை வெட்டினால் ஒரு பைசாகூட மிச்சமில்லை, அது ஏற்கெனவே இலவசம். அதனால் "பில்லை ஜீரோ ஆக்க எத்தனை கிலோவாட்?" என்ற கேள்வியே தப்பு. "இன்னும் ஒரு கிலோவாட் சேர்த்தால் வருஷத்துக்கு எத்தனை ரூபாய் கூடுதலாக மிச்சமாகும்?" என்றுதான் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, நம் வெயிலில் ஒரு கிலோவாட் எவ்வளவு தரும்? தென் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட், வருஷத்துக்கு 1,400 யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். நல்ல வெயில் நாளில் ஐந்து தாண்டும், ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் ஒன்றரைக்கு இறங்கும். நம் பக்க வெயிலின் மதிப்பைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள், ஒரே இடத்தில் அமைந்ததில் அப்போது உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. மழையில்லாத சீமை என்று ஒதுக்கிய மண்ணுக்கு அது கிடைத்ததில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

ஆனால் வெயில் வேறு, சூடு வேறு. பேனலுக்குப் பின்னால் 550 வாட் என்று ஒட்டியிருப்பது, பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. வைகாசி மதியத்தில் நம் மாடியில் செல்லின் சூடு 60, 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 0.3 முதல் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும், ஆக நாற்பது டிகிரி கூடினால் பன்னிரண்டு பதினாலு சதவீதம் காணாமல் போகும். என் நோட்டில் பார்த்தால் மார்ச்தான் உச்ச மாதம், மே இல்லை. பிப்ரவரியில் காற்று லேசாக வீசிய ஒரு நாள் மதியம் இன்வெர்ட்டர் 1.97 கிலோவாட் காட்டியது. கத்திரி வெயிலில் அதே நேரத்துக்கு 1.78-ஐத் தாண்டவில்லை. ஏசி போடுகிற மாதத்தில் பேனல் அள்ளித் தரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது கணக்கு. 2 கிலோவாட் போட்டால் எங்களுக்கு வருஷத்துக்கு 2,820 யூனிட் என்று பருவம் வாரியாகப் பிரித்து எழுதினேன். ஜூலை பில்லில் 940 யூனிட் 460 ஆகும், 6,240 ரூபாய் 1,553 ஆகும். ஜனவரியிலும் மார்ச்சிலும் நூறுக்குக் கீழே போய்விடும், பணமே இல்லை. ஆறு பில்லையும் இப்படிப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு 22,800 ரூபாய் கட்டிய இடத்தில் 3,100 ரூபாய் கட்டினால் போதும். மிச்சம் 19,700.

3 கிலோவாட் போட்டால்? பில் கிட்டத்தட்ட ஜீரோ. ஆனால் மூன்றாவது கிலோவாட்டால் கூடுதலாக மிச்சமாவது அந்த 3,100 ரூபாய் மட்டும்தான், ஏனென்றால் அதற்கு மேல் கட்டுவதற்கே ஒன்றும் இல்லை. முதல் இரண்டு கிலோவாட் தருகிற ஒவ்வொரு யூனிட்டும் எனக்கு ஏழு ரூபாய் மிச்சம் பண்ணுகிறது, மூன்றாவது கிலோவாட் தருகிற யூனிட் இரண்டு ரூபாய் இருபது காசு. இதை எழுதி முடித்த ராத்திரி மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப அஞ்சு போட்டா மிச்ச ரெண்டும் யாருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் நாலாவது ஐந்தாவது கிலோவாட்டில் வரும் கரண்ட் எல்லாம் ஈபி லைனுக்குப் போகும் என்பதுதான். மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்குக் கணக்கில் சேரும், ஆனால் வருஷம் முழுக்க மிஞ்சிக்கொண்டே இருந்தால் நாம் வாங்கும் விலைக்கு அதைத் திருப்பி வாங்க ஆள் கிடையாது.

எனக்கு வந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2 கிலோவாட்டுக்கு 1,42,000 ரூபாய், மத்திய அரசு மானியம் 60,000 போக 82,000. 3 கிலோவாட்டுக்கு 1,95,000, மானியம் 78,000 போக 1,17,000. 5 கிலோவாட்டுக்கு 2,95,000, அதற்கும் மானியம் அதே 78,000தான், ஆக கையிலிருந்து 2,17,000. முதல் இரண்டு கிலோவாட்டில் போட்ட பணம் நாலேகால் வருஷத்துக்குள் திரும்பி வரும். மூன்றாவதுக்குப் போடும் 35,000 திரும்ப வர பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகும். நாலாவது ஐந்தாவதுக்குப் போடும் ஒரு லட்சம் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை திரும்பி வரவே வராது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எந்த சோலார்காரரும் என்னிடம் சொல்லவில்லை. மாடிக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குள் அண்ணாந்து பாருங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட். எங்கள் வீட்டில் நாலு ஃபேன், சராசரியாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிறது. நாலையும் மாற்றியதில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் குறைந்தது, வருஷத்துக்கு 780 யூனிட். அரை கிலோவாட் பேனல் தருவதைவிட இது அதிகம், செலவு 11,200 ரூபாய். மழை மூட்டம் இருந்தாலும், ராத்திரியிலும், கரண்ட் கட்டில் பேட்டரி யுபிஎஸ்ஸில் ஓடும்போதும் இந்த மிச்சம் நடந்துகொண்டே இருக்கும். முதலில் ஃபேன், அப்புறம் பேனல்.

யாருக்கு 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ நியாயம்? இரண்டு ஏசி ஓடுகிற வீடு, ஒவ்வொரு பில்லும் ஆயிரம் யூனிட்டைத் தாண்டுகிற வீடு, அடுத்த இரண்டு வருஷத்தில் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள், கேஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறப் போகிறவர்கள். அங்கே மேல் ஸ்லாப்பில் வெட்டுவதற்கு நிறைய இருக்கிறது, கடைசி கிலோவாட்டும் பத்து ரூபாய் யூனிட்டைத்தான் வெட்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றுக்காக மட்டும் பெரிதாகப் போட வேண்டியதில்லை, நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் அளவில்தான் அது சாப்பிடும். மாறாக, இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டுகிற வீடு என்றால் நான் சொன்ன கட்டணத்தில் பில் எழுநூறு ரூபாய் அளவில்தான் இருக்கும், அவர்கள் சோலாருக்குப் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டணம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறும், குறிப்பாக இலவச யூனிட் கூடினால் சோலாரால் வரும் மிச்சம் குறையும். அதனால் போடுகிற மாதத்தில் அமலில் இருக்கும் கட்டணத்தை வைத்து ஆறு பில்லையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

அளவு முடிவானதும் இடம். இங்கேதான் நாங்கள் ஒரு தப்பிலிருந்து தப்பித்தோம். சோலார் கம்பெனியிலிருந்து வந்தவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படிக்கட்டு ரூமை ஒட்டி வடமேற்கில் பேனல் போடலாம், கேபிள் கம்மியாகும் என்றார். எங்கள் படிக்கட்டு ரூம் மாடியின் தென்கிழக்கில் இருக்கிறது, ஒன்பது அடி உயரம், அதன் தலையில் சின்டெக்ஸ் டேங்க், எல்லாம் சேர்த்துப் பதினாலு அடி. அவர் வந்தது ஜூலையில், அப்போது நிழல் அந்தப் பக்கம் விழவே இல்லை. கோவில்பட்டியில் சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும், அப்புறம் சூரியன் வடக்கே போய்விடும், ஆவணி நடுவில்தான் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். ஆடியில் பார்த்த நிழலை வைத்து மார்கழியை முடிவு பண்ணக் கூடாது.

நான் மார்கழி வரைக்கும் காத்திருந்தேன். டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனிடம் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய், காலை ஒன்பது மணிக்கு விழுந்த நிழலின் ஓரத்தைக் கோடு போட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. ஒன்பது மணிக் கோடு டேங்க் நிழலோடு சேர்த்து இருபத்திரண்டு அடி நீண்டு, அவர் காட்டிய இடத்தை முழுசாக மூடியிருந்தது. பேனல்கள் ஒன்றுக்கொன்று தொடராக இணைந்தவை, ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசையே திணறும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரண்டை விட பேனலுக்குள் பைபாஸ் டையோடு இருக்கிறது, முழுசாக நிற்காது, ஆனாலும் தினமும் காலையில் இரண்டு மணி நேரத்து உற்பத்தியை டேங்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருப்போம்.

கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா மேலே வந்துவிட்டாள். "ஏய்யா, இதெல்லாம் அடைச்சிட்டா வத்தல எங்க காயப்போட?" நான் அதுவரை யோசித்தே பார்க்காத விஷயம். மோர் மிளகாய், கூழ் வத்தல், சுண்டைக்காய், உளுந்தம்பருப்பு எல்லாம் காய்வது அந்த மாடியில்தான், அம்மாவுக்கு அது ஒரு அறை மாதிரி. பேனலை ஆளுயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டலாம் என்றேன். "அப்ப கீழ நிழலாயிருமே" என்றாள். சரியான கேள்வி. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சாக்பீஸ் கோட்டுக்குள் நடந்து நடந்து பார்த்து, மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நாலு பேனலையும் எட்டடி உயரத்தில் ஏற்றுவது, கிழக்குப் பக்கம் வத்தலுக்கு விடுவது என்று முடிவு பண்ணினோம். கேபிள் கூடுதலாகப் பதினைந்து மீட்டர் ஆனது. ஒரு பேனல் ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், இருபத்தெட்டு கிலோ எடை. நாலு பேனல் வைக்கவும் ஆள் சுற்றி நின்று கழுவவும் இருநூறு சதுர அடி தாராளம்.

சாய்வு பத்து டிகிரி, முகம் தெற்கே. நம் அட்சரேகைக்கு இதற்கு மேல் சாய்க்கத் தேவையில்லை. தட்டையாகவும் விடக் கூடாது, மழைத் தண்ணீர் ஓரத்தில் தேங்கிக் கரிசல் புழுதியைச் சேறாக்கிவிடும். நாலு பேனலும் சேர்த்து 2.2 கிலோவாட், இன்வெர்ட்டர் 2 கிலோவாட். சூட்டினால் பேனல் முழு அளவைத் தொடுவது அபூர்வம் என்பதால் இன்வெர்ட்டர் கொஞ்சம் சிறிதாக இருப்பதில் நஷ்டமில்லை. மானியக் கணக்கில் பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது சிறிதோ அதைத்தான் எடுப்பார்கள், அதனால் எங்களுக்கு 2 கிலோவாட்டுக்கான மானியம் வந்தது.

மானியத்தைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எத்தனை போட்டாலும் உச்சவரம்பு 78,000. பணம் முதலில் கழியாது. முழுத் தொகையையும் நாம் கொடுத்து, வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, ஆய்வு எல்லாம் முடிந்த பிறகு நம் வங்கிக் கணக்குக்கு வரும். கையில் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாமல் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் உண்டு, தனியார் தவணைக்குப் போகும் முன் வங்கியில் கேளுங்கள். பேனல் டிசிஆர் வகையாக இருக்க வேண்டும், அதாவது செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியம் கிடையாது. கொட்டேஷனில் அந்த மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சாதனங்களுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. நான் பழைய விகிதத்தில் கட்டினேன், இப்போது போடுகிறவர்கள் பழைய விலையையே சொன்னால் கேள்வி கேளுங்கள்.

என் 1,42,000 எங்கே போனது என்றால், பேனலுக்கு 56,000, இன்வெர்ட்டருக்கு 23,000, தூக்கிக் கட்டிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்ட்ரக்சருக்கு 27,000, மீதி கேபிள், ஏசி டிசி பெட்டிகள், இடிதாங்கி, மூன்று எர்த் குழி, மீட்டர் செலவு, கூலி. தாழ்வாகக் கட்டியிருந்தால் ஒரு பத்தாயிரம் குறைந்திருக்கும். பேரம் பேசுகிறவர்கள் ஸ்ட்ரக்சரிலும் எர்த்திலும் கைவைக்காதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நாலு பேனல் என்பது காற்றுக்கு நூறு சதுர அடிப் பாய்மரம். எங்கள் ஸ்ட்ரக்சரின் கால் ஒவ்வொன்றும் கீழே தூண் வருகிற இடத்தில், கான்கிரீட் கட்டைக்குள் இறங்கியிருக்கிறது, தளத்தைத் துளைக்கவில்லை. எர்த் குழியோ, கரிசல் மண் வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துவிடும், காய்ந்த மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் மூன்று குழியிலும் ஊற்றுகிறோம், அது பையனின் வேலை.

எல்லோரும் கேட்கிற இன்னொரு கேள்வி, கரண்ட் போனால் சோலாரில் ஓடுமா? எங்களுடையது மாதிரி பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்த ஆன்கிரிட் என்றால் ஓடாது. லைனில் கரண்ட் இல்லாதபோது நம் பேனல் மின்சாரத்தை அனுப்பினால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனின் உயிருக்கு ஆபத்து, அதற்காகவே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மதியம் தாண்டி நிறுத்துகிற நாளில், உச்சி வெயிலில் பேனல் சும்மாதான் இருக்கும். பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் போட்டால் ஓடும், ஆனால் செலவு வெகுவாகக் கூடும், சில வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். எங்கள் ஊரில் கரண்ட் கட் அவ்வளவு இல்லை, பழைய யுபிஎஸ்ஸே போதும் என்று விட்டுவிட்டோம்.

பேனல் மாட்டி முடித்தும், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக அளக்கும் நெட் மீட்டர் வர ஐந்து வாரம் ஆனது. அந்த இடைவெளியில் ஒன்று நடந்தது. மாட்ட வந்த பையன் சோதித்துப் பார்க்க ஆன் பண்ணிவிட்டு, அணைக்காமல் போய்விட்டான். மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். பழைய மீட்டருக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் தெரியாது, வெளியே போனதையும் நாம் செலவழித்ததாகவே கூட்டிக்கொண்டிருந்தது. இருபது யூனிட் போல ஏறியிருந்தது. தொகை சிறிதுதான், ஆனால் ஐந்து வாரமும் அப்படியே விட்டிருந்தால் பெரிய பில் வந்திருக்கும். நெட் மீட்டர் மாட்டும் வரைக்கும் இன்வெர்ட்டர் பக்கத்து ஸ்விட்ச் கீழேயே இருக்கட்டும்.

மீட்டர் வந்த பிறகு வந்த முதல் பில்லைப் பார்த்து மனைவிக்குச் சந்தேகம். இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பில் 520 யூனிட் உற்பத்தி என்று இருக்கிறது, பில்லில் ஏற்றுமதி 310 என்றுதான் இருக்கிறது, மீதி எங்கே? மீதி 210 யூனிட்டைப் பகலில் நாங்களே நேரடியாக ஓட்டிவிட்டோம், அது மீட்டர் வரைக்கும் போகவே இல்லை. பில்லில் இறக்குமதியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்துப் பாருங்கள், அந்த மிச்சத்துக்குத்தான் ஸ்லாப் கணக்கு. உற்பத்தியையும் ஏற்றுமதியையும் ஒப்பிட்டு சண்டைக்குப் போக வேண்டாம்.

கழுவுவது பற்றி ஒரு விஷயம். போர் தண்ணீர் எங்கள் தெருவில் உப்பு. முதல் இரண்டு தடவை அதில் கழுவியதில் கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடித்துவிட்டது, அதைத் தேய்த்து எடுக்கப் பட்ட பாடு பெரிது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு, சூடேறும் முன்னால், குழாயில் வரும் நல்ல தண்ணீர் இரண்டு வாளி, நீளக் கம்பு மாட்டிய மெத்தென்ற துடைப்பான். மாசி மாதம் மூன்று வாரம் கழுவாமல் விட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 8.1 யூனிட் வந்தது. கழுவிய மறுநாள் அதே மாதிரி வெயிலில் 8.9.

முதல் வருஷ முடிவில் மொத்த உற்பத்தி 2,970 யூனிட். ஆறு பில்லுக்கும் சேர்த்துக் கட்டியது 1,640 ரூபாய். அதில் பெரும்பகுதி மே, ஜூன் ஏசிக்கானது. ஃபேன் மாற்றியதும் சேர்ந்த மிச்சம் இது, சோலார் தனியாகச் செய்ததில்லை. பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் போலத் தேயும், இன்வெர்ட்டரை இருபத்தைந்து வருஷத்துக்குள் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும், அதற்கு இப்போதே மாதம் இருநூறு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம்.

மச்சினன் நேற்று அவன் வீட்டு ஆறு பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பினான். ஒரு பில்லிலும் 700 யூனிட்டைத் தாண்டவில்லை, நாலு அறையிலும் பழைய ஃபேன். மாடிக்குத் தெற்கே பக்கத்து வீட்டு வேப்பமரம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. மரத்தை வெட்டச் சொல்லிப் பேசலாமா என்று கேட்டான், வேண்டாம், பேனலை வடக்கே தள்ளிப் பார்ப்போம் என்றேன். அந்த ஐந்து கிலோவாட் கொட்டேஷனுக்கு இன்னும் பதில் சொல்லாதே, முதலில் ஃபேனை மாற்று, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், சாக்பீஸ் மட்டும் வாங்கி வை என்று சொல்லியிருக்கிறேன்.